வெறும் வயிற்றில் வந்தவர்கள்

நான் அந்த லேபில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் நடந்தவை:

1. ஆறு மணி பத்து நிமிடத்துக்கு ஷட்டரைத் தூக்கினோம். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை.

2. முதலில் உள்ளே வந்தவரிடம், ரத்தம் எடுக்கும் அக்கா, "வெறும் வயிறுதானே?" என்று கேட்டார். "பச்சத் தண்ணிகூட படலம்மா" என்றார் அவர்.

3. அவருடைய மீசையின் வலது ஓரத்தில் டீ நுரை காய்ந்திருந்தது.

4. அக்கா படிவத்தில் 'வெறும் வயிறு' என்பதற்கு எதிரே 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டார். ரத்தம் எடுத்தார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

5. அவர் வெளியே போனதும் அக்கா, யாரையும் பார்க்காமல், "ஒண்ணு" என்றார்.

6. பதினோரு பேரும் முடிந்தபோது அக்காவின் எண்ணிக்கை நாலில் நின்றிருந்தது.

7. என்ன எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். "டீ குடிச்சிட்டு வந்து, குடிக்கலன்னு சொன்னவங்க. மூணுதான் எதிர்பாத்தேன். மழ பேஞ்சிருக்குல்ல, ஒருத்தரு கூடிட்டாரு" என்றார்.

பாண்டியில், நெல்லித்தோப்பில், இரண்டு கடைகளுக்கு நடுவே அமைந்த சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம் அது. முன்னறையில் அக்கா ரத்தம் எடுப்பார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இயந்திரங்களோடு நான் இருப்பேன். ஆய்வகத் தொழில்நுட்பம் படித்து முடித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவர் ஊரைப் பற்றி அவ்வளவு சொன்னார், ஆனால் ஒருவர் பெயரையும் சொன்னதில்லை. நானும் அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

காலை ஆறரை மணிக்கு அந்த முன்னறை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். சாப்பிடாமல் வந்தவர்களுக்கு ஒரு தனி முகம் உண்டு. தூக்கத்தின் மிச்சமும் பசியின் ஆரம்பமும் ஒன்றாகச் சேர்ந்து, தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்கள் போல மெதுவாகத் தலையைத் திருப்புவார்கள். யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். தெருவில் பால் வண்டி போகும். கிழக்கிலிருந்து உப்புக் காற்று வந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் ஓரத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுப் போகும். அந்த வெளிச்சத்தில் எல்லோரும் உண்மை சொல்பவர்கள் போலத்தான் தெரிவார்கள்.

அக்காவுக்கு மட்டும் அவர்கள் பத்துப் பத்தாகத் தெரிந்தார்கள்.

"பத்துல மூணு பேரு டீ. நாலு பேரு ஞாயித்துக்கெழமையிலேர்ந்து பத்தியம். பரீட்சைக்கு மொத நாள் மட்டும் படிக்கிற மாதிரி, டெஸ்டுக்கு மூணு நாள் முன்னாடி இனிப்ப நிறுத்திட்டு வர்றவங்க. ஒருத்தரு பிஸ்கெட்டு. அத அவங்க சாப்பாடுன்னே நெனைக்கறதில்ல."

"மீதி ரெண்டு?"

"ரெண்டு பேரு நெசமாவே பட்டினி. அவங்கதான் பாவம், கோபமா இருப்பாங்க."

இவையெல்லாம் கணக்கு இல்லை, மதிப்பீடு. எப்படி வந்தன என்று கேட்டால் இஞ்சி வாசம் என்பார், உதட்டு ஈரம் என்பார், சில சமயம் சும்மா தோள்பட்டையைக் குலுக்குவார். நான் படித்த படிப்பில் இப்படி ஒரு எண்ணை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் ஒரு மாதம் நானும் தனியாகக் குறித்துக்கொண்டு வந்தேன். அவர் பெரும்பாலும் ஒன்றிரண்டுக்குள்தான் தவறினார்.

ஒன்பதரைக்கு மேல் கூட்டம் இருக்காது. இயந்திரம் சுற்றி முடிக்கும்வரை எனக்கும் வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் பரிசோதனைக்கு வந்தவர்களை விட்டுவிட்டு அவர் ஊருக்குள் போவார். உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"இந்த நிமிஷம் பாண்டியில எத்தினி பேரு, எதுக்கு இந்த ரூமுக்கு வந்தோம்னு தெரியாம நின்னுட்டிருப்பாங்க?"

முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஊரில் பெரியவர்கள் ஐந்து லட்சம் பேர் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஒரு தடவைக்குப் பத்து நொடி. அதற்குப் பிறகு என்னிடம் கொடுத்துவிட்டார், அனுமானிப்பது அவர், வகுப்பது நான். ஸ்டிக்கர் உரித்துப் போட்ட தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். விழித்திருக்கும் பதினாறு மணி நேரத்தில் பிரித்தால் எந்த நொடியிலும் நூற்று எழுபத்து மூன்று பேர், அதன் மேல் அரை.

"அரை ஆளு யாருக்கா?"

"அவரு இன்னும் வாசப்படி தாண்டல."

ஊர் முழுக்க நூற்று எழுபத்து மூன்று அறைகளில் நூற்று எழுபத்து மூன்று பேர் அசையாமல் நிற்பதை நான் பார்த்தேன். ஒருவர் கையில் கரண்டி, ஒருவர் கையில் ஒன்றுமில்லை. பத்து நொடி கழித்து அவர்கள் எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள், வேறு நூற்று எழுபத்து மூன்று பேர் வந்து நிற்பார்கள். எண்ணிக்கை மாறாது. ஆட்கள்தான் மாறிக்கொண்டே இருப்பார்கள். அன்று சாயந்திரம் வீட்டில் அலமாரிக்கு முன்னால் நான் அப்படி நின்றேன். எப்போதும் வரும் எரிச்சல் வரவில்லை. கூட இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றியது.

வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து அக்கா ஸ்கூட்டரில் வருவார். அவருடைய அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு வாட்ச்மேனாக இருந்தார் என்று ஒருநாள் வேறு எதையோ சொல்லும்போது சொன்னார். கல்யாணத்துக்கு முன்பா பின்பா ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது. தாமதமானால் மூலக்குளம் சிக்னலிலிருந்து எனக்கு போன் வரும். பின்னால் பஸ் ஹாரன் கேட்கும்.

"வந்துட்டேன், லேப் வாசல்லதான் நிக்கிறேன்."

இந்தப் பொய்யையும் நாங்கள் முன்பே மதிப்பிட்டிருந்தோம். எந்த நொடியிலும் பாண்டியில் இருபத்தாறு பேர் போனில் இதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று கணக்கு வந்திருந்தது. ஹாரனுக்கு நடுவே அவரே, "சரி, இருவத்தேழுன்னு வெச்சுக்க" என்பார்.

ஒருநாள் இருவரும் கோரிமேட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் அங்கே உள்ள பெரிய மருத்துவமனைக்கு வருபவர்கள் மடியில் ஸ்கேன் கவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாக் கவரும் ஒட்டியிருந்தது. "டாக்டர்தான் பிரிக்கணும்னு குடுத்துருப்பாங்க. இதுல எத்தினி பேரு ராத்திரியே பிரிச்சுப் படிச்சிட்டு, சோத்துப் பருக்க வெச்சு மறுபடி ஒட்டிக்கினு வந்துருப்பாங்க?" என்று காதோரம் கேட்டார். நான் பாதி என்றேன். "பத்துல ஒம்போது" என்றார். ஜன்னல் வெளிச்சம் கவர்கள் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் எல்லோரும் ஒன்றும் தெரியாதவர்கள் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு தடவை அவர் கேட்டது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று. குளிக்க இல்லை, துவைக்க இல்லை, சும்மா. கல்யாணமானவர்கள் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டோம். அதில் மூன்றில் ஒருத்தி, ஒரு நாளைக்கு ஒரு தடவை, நாலு நிமிடம்.

"மூணுல ஒருத்தின்னு எப்படிக்கா?"

"எங்க வீட்ல மூணு பொம்பளைங்க."

மாமியார், ஓரகத்தி, அவர். அந்த மூவரில் ஒருத்தி யார் என்று நான் கேட்கவில்லை. வகுத்தேன். எந்த நிமிடத்திலும் இருநூற்று எட்டு பேர். இருநூற்று எட்டு வாளிகள் நிரம்பி வழிகின்றன. ஒரே நேரத்தில் காதை வைத்துக் கேட்க முடிந்தால், நல்ல வெயில் நாளிலும் இந்த ஊரில் தூறல் விழுவது போலத்தான் இருக்கும். அக்கா அந்தத் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். மற்ற தாள்களையெல்லாம் குப்பைக் கூடையில்தான் போடுவார்.

அவர் என்னிடம் கோபப்பட்டது ஒரே ஒரு தடவை. முன்னறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா பையில் கையை விட்டு, எதையோ பிட்டு, இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். நான் கண்ணாடித் தடுப்பைத் தட்டி அக்காவுக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"எண்ணு. கை காட்டாத."

"நீங்களும்தானே எண்றீங்க?"

"நான் ஊர எண்றேன். ஆள எண்ணல."

அப்படியென்றால் படிவத்தில் 'இல்லை' என்ற கட்டம் எதற்கு என்று கேட்டேன். "அவங்க சொல்றத எழுதத்தான் அந்தக் கட்டம், நான் பாத்தத எழுதறதுக்கு இல்ல" என்றார். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஒரு டீக்கு எண் கொஞ்சம் ஏறும். என் திரையில் அது தெரியும். இயந்திரத்துக்கு டீ தெரியாது, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரைதான் தெரியும். எண் சரி, முத்திரை சரி, அனுப்பிவிடுவேன். இந்த விளையாட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆண்களுக்கு ஊசி பயம் என்பது அவருடைய இன்னொரு மதிப்பீடு. பத்து ஆண்களில் ஆறு பேர் ஊசி இறங்கும்போது தலைக்கு மேல் ஓடும் ஃபேனைப் பார்ப்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா, கையை நீட்டிவிட்டு, "இந்த ஃபேன் எந்த வருஷத்து ஃபேனும்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அக்கா ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வார்.

மூலக்குளத்திலிருந்து மனைவியோடு வரும் பெரியவர் ஒருவர் உண்டு. ஆறடி உயரம். மில் நாட்களில் பஞ்சுப் பொதி தூக்கியவர். முதல் தடவை வந்தபோது, அக்கா கையில் ரப்பர் பட்டையைக் கட்டியதுமே நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம். அவர் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டே, "வெறும் வயிறாச்சே, வெறும் வயிறாச்சே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண் திறந்ததும் அவர் முதலில் கேட்டது, "யாராச்சும் பாத்தாங்களா?"

அடுத்த மாதம் அவர் விழவில்லை. அதற்கடுத்த மாதமும் விழவில்லை. பழகிவிட்டது என்று நினைத்தோம். இல்லை, அப்படி நினைத்தோம் என்று சொல்வது சரியில்லை. அவர் வெளியே போனதும் அக்கா வழக்கம்போல ஒரு எண் சொன்னார். அன்றைய எண்ணிக்கையில் அவரும் ஒருவர். ஐந்து மாதமும். அது என் காதிலும் விழுந்தது. உள்ளே என் திரையில் அவருடைய வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அவர் மயங்கி விழுந்த பிறகு ஆறாவது மாதம், ஒரு புதன்கிழமை. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அக்காவின் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார். கண்ணாடித் தடுப்பில் ஒரு சிறிய துளை உண்டு, அதனால் எனக்குக் கேட்டது.

"டாக்டரு மாத்திரைய மறுபடி ஏத்திட்டாரு கண்ணு. மொதல்ல அரை, அப்புறம் ஒண்ணு, இப்ப ரெண்டு. பதினோரு மணி ஆனா சட்ட நனையிற மாதிரி வேர்க்குது. கை நடுங்குது. போன வாரம் பால் பூத்துக்குப் போற வழியில ரோட்டோரமா உக்காந்துட்டாரு. எங்க இருக்கோம்னே தெரியலையாம். தெரிஞ்சவங்க கொண்டாந்து வுட்டாங்க."

அக்காவின் கையில் ஊசி இருந்தது. உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

இதில் புரியாதது ஒன்றுமில்லை. காலையில் அவ்வளவு சர்க்கரை இருப்பவருக்குப் பதினோரு மணிக்கு வேர்த்து, கை நடுங்கி, வழி மறக்காது. அது சர்க்கரை குறைந்து போவதன் அடையாளம். அப்படியானால் காலையில் வரும் எண் அவருடைய எண் இல்லை. பரிசோதனை அன்று மட்டும் ஏதோ சாப்பிட்டுவிட்டு வருகிறார். அந்த எண்ணைப் பார்த்து டாக்டர் மாத்திரையை ஏற்றுகிறார். அப்படிச் சாப்பிடாத மற்ற நாட்களில் அந்த மாத்திரை அவரைக் கீழே தள்ளுகிறது. இன்னும் ஒரு தடவை ஏற்றினால், அடுத்த முறை ரோட்டோரத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்காமல் போகலாம்.

எனக்கு இது புரிந்த அதே நேரத்தில் அக்காவுக்கும் புரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா, இங்க வர்ற ஆம்பளைங்கள்ல பத்துல ஆறு பேருக்கு ஊசின்னா பயம்" என்று ஆரம்பித்தார். சாதாரணமாக, படிவத்தைப் புரட்டிக்கொண்டே. "அந்த ஆறு வீட்லயும் நாலு வீட்ல, மயக்கம் வந்துடப் போவுதுன்னு காத்தாலயே எதனா குடிக்கக் குடுத்துத்தான் அனுப்புறாங்க. அது ஒண்ணும் தப்பில்ல. இன்னா குடுத்தாங்கன்னு சொன்னா நான் எழுதிக்குவேன், அவ்ளோதான்."

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். பெரியவர் ஃபேனைப் பார்த்தார்.

"நாலு வீட்லயா?"

"நாலு வீட்ல."

"அப்ப எங்களையும் அதுல ஒண்ணா வெச்சுக்க கண்ணு. சத்துமாவுக் கஞ்சி. வெல்லமும் ஏலக்காவும் போட்டு ஒரு பெரிய டம்ளரு. அஞ்சரைக்கு."

"நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார் பெரியவர், ஃபேனிடம்.

"வேணாம்னு சொன்னவருதான் டம்ளரக் கழுவிக் கவுத்து வெச்சீங்களா?"

"வாசம் வரக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

முன்னறையில் இருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். இன்றைக்கு மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்துவிடுங்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடலாம், நானும் அங்கே வருகிறேன் என்றார். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்தார். அந்த நாலு வீடு எங்கிருந்து வந்தது, நாம் அதை மதிப்பிட்டதே இல்லையே என்று கேட்டேன்.

"தனியா நின்னா அந்தம்மா எப்படிச் சொல்லும்? கூட நாலு பேரு வேணும்ல."

அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். ஊசி உறையின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது.

லேப் முதலாளி ஒன்பது மணிக்கு வந்தார். கெட்டவர் இல்லை. சம்பளத்தை ஒருநாளும் தள்ளிப் போட்டதில்லை. அக்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"இன்னைக்கு ரிப்போர்ட்ல சாப்பிட்ட பின்னன்னு போட்டுடுங்க. பழச எதுக்குக் கிளர்றீங்க?" என்றார் முதலாளி.

"பழச வெச்சுத்தான் சார் மாத்திரைய ஏத்தியிருக்காரு."

"அவங்க வெறும் வயிறுன்னு சொன்னாங்க, நாம எழுதுனோம். நம்ம மேல என்ன தப்பு?"

"எனக்குத் தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"அஞ்சு மாசமாத் தெரியும். ஏலக்கா வாசம் வரும். தெரிஞ்சுதான் டிக் போட்டேன்."

முதலாளி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பிறகு கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார். "அது உள்ள மெஷின்கிட்ட இருக்குற பொண்ணு சார். அதுக்கு இன்னா தெரியும்?"

அவர் ஒருவரை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிட்டதை அன்றுதான் பார்த்தேன். நான் சொல்லியிருக்கக்கூடியவை மூன்று. எனக்கும் தெரியும். நானும் அவரோடு சேர்ந்து எண்ணினேன். திரையில் எண்ணைப் பார்த்தபோது ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டியது நான்தான். மூன்றும் வரிசையாக மனதில் வந்தன. நான் டியூப்களை ரேக்கில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவை ஏற்கெனவே அடுக்கியிருந்தவை.

அக்கா லேபின் லெட்டர்ஹெட்டில் ஐந்து மாதத்தின் தேதிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வெறும் வயிறு அல்ல' என்று எழுதி, கீழே தன் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளி தடுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பத்து மணிக்குள் கிளினிக்கில் இருக்க வேண்டும் என்று அக்கா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். வெயில் ஏறியிருந்தது. முன்னறையில் யாரும் இல்லை. பதினோரு மணிவரை நான் கடிகாரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் அந்த நேரத்தில் யார் யார் என்னென்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரே ஒரு ஆள்தான் தெரிந்தார், ரோட்டோரத்தில், நனைந்த சட்டையோடு.

பதினொன்றேகாலுக்கு அக்கா வந்து தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"என்னக்கா சொன்னாரு?"

"பழைய ரிப்போர்ட்ட எல்லாம் எடுத்துப் பாத்தாரு. அப்புறம், நானும் கேட்டிருக்கணும்னாரு. அரை மாத்திரைக்கு எறக்கிட்டாரு. மூணு மாச சக்கர சராசரி பாக்கச் சொல்லியிருக்காரு. இந்தா."

பெரியவரிடம் அங்கேயே ரத்தம் எடுத்த டியூபைக் கொடுத்தார். இயந்திரத்தில் வைத்தேன். வந்த எண் மிக நல்ல எண். அந்த எண் இருக்கும் ஒருவருக்கு இரண்டு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பெரியவரின் மகன் வந்தார். ஐந்து ரிப்போர்ட்டையும் மேஜை மேல் போட்டார்.

"எங்கப்பா செத்துருந்தா?"

"ஆமாங்க" என்றார் அக்கா.

மறுப்பார் என்று நினைத்து வந்தவர் ரிப்போர்ட்டுகளை மறுபடி அள்ளிக்கொண்டார். பிறகு உள்ளே போய் முதலாளியிடம் கத்தினார். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லி முதலாளி அக்காவிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

மிச்சம் இருந்த பன்னிரண்டு நாட்களும் அக்கா எண்ணவில்லை. ஒருவர் வெளியே போன பிறகு அக்காவின் உதட்டைப் பார்ப்பேன். அசையாது. அதற்குப் பதில், ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை கேட்டார். முதலில், வெறும் வயிறுதானே. பிறகு, ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, "எனக்கெல்லாம் டீ இல்லாம கண்ணே தொறக்காது. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு அப்படித்தான்." காற்று வந்து போகும் நேரம் வரை காத்திருப்பார். சிலர் சொல்லிவிடுவார்கள். "ஒரு வாய்தாம்மா." "சக்கர போடாமத்தான் குடிச்சேன்." அவர் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டு, நாளைக்கு வரச் சொல்லி அனுப்புவார். அவர்களும் கோபப்படாமல் போவார்கள். கடைசி நாளும் அப்படியேதான் போனது. மதியம் தன் கோப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு, "வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இது நடந்து ஆறு வருடமாகிறது. பெரியவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார். அரை மாத்திரைதான். பரிசோதனை முடிந்த பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மனைவி கொண்டுவந்த கஞ்சியைக் குடிக்கிறார். லேபுக்கு இப்போது நான்தான் பொறுப்பு. அக்கா வில்லியனூரில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறார், இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். எனக்கும் தெரிந்திருந்தது என்பதை முதலாளியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வில்லியனூருக்கும் போகவில்லை.